கடைசலின் இரு முனைகள்: இடம் மாறிய ஒரு சொல்லின் வரலாறு

ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவில் வசிக்கும் பெரியவர் ஒருவர் ஐ.டி.ஐ.யில் டர்னர் பயிற்சி பெற்று, பணிக்காலம் முழுவதும் இரும்புக் கடைசலிலேயே கழித்தவர். ஓய்வுக்குப் பிறகு மரம் கடைவதில் விருப்பம் பிறந்து, சிறிய மர லேத் ஒன்றை வாங்கியிருக்கிறார். அதற்கு ஒரு சென்டர் வாங்க வேண்டும். விற்பனைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சென்ற வாரம் என்னிடம் கேட்டார்: "ஏம்மா, லைவ் சென்டர்னா ஹெட்ஸ்டாக்ல இருக்கிறதுதானே? இதுல டெயில்ஸ்டாக்ல மாட்டணும்னு போட்டிருக்கான். தப்பா அச்சடிச்சிட்டானா?"

பட்டியலில் பிழை இல்லை. பெரியவர் கற்றதிலும் பிழை இல்லை. இருவருக்கும் இடையில் ஒரு சொல் இயந்திரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்துவிட்டது. அது ஏன் நகர்ந்தது என்று தேடத் தொடங்கியதன் விளைவே இப்பதிவு. தேடல் இறுதியில் என்னைக் கொண்டு நிறுத்திய இடம், 'கடைதல்' என்ற நம் சொந்தச் சொல்.

முதலில் பொறியின் அமைப்பு. லேத்தில் ஹெட்ஸ்டாக் என்பது சுழற்சி புறப்படும் தலைப்பக்கம். டெயில்ஸ்டாக் என்பது எதிர்ப்புறத்திலிருந்து பொருளைத் தாங்கும் வால்பக்கம். இரு பக்கத்திலும் ஒவ்வொரு கூர்முனை உண்டு. அதுதான் சென்டர். பிரித்தானிய மரபைப் பின்பற்றிய நம் தொழிற்பயிற்சிப் பாடநூல்களில், தலைப்பக்கத்தில் சுழல்தண்டோடு சேர்ந்து சுற்றும் முனை 'லைவ் சென்டர்'. வால்பக்கத்தில் அசையாமல் நின்று தாங்கும் முனை 'டெட் சென்டர்'. இங்கே 'லைவ்' என்பது இயங்குவது என்ற பொருளில் மட்டுமே நிற்கிறது. உயிருக்கும் அதற்கும் தொடர்பில்லை. இன்றைய விற்பனைப் பட்டியல்களிலோ, பேரிங் பொருத்தப்பட்டு, பொருளோடு சேர்ந்து தானும் சுழலும் வால்பக்க முனையே 'லைவ் சென்டர்'. அதே பொருளை நம் பட்டறைகள் 'ரிவால்விங் சென்டர்' என்கின்றன. குழப்பத்திற்கு இடம் தராத பெயர் அதுதான்.

அப்படியானால் வால்பக்க முனை எப்போது சுழலத் தொடங்கியது? அதற்கு முன் அது ஏன் அசையாமல் நின்றது? இதற்கு விடை காணக் கடைசலின் பழைய வடிவத்திற்குப் போக வேண்டும்.

கடைசல் கருவியைத் தெளிவாகக் காட்டும் மிகப் பழைய சித்திரம் எகிப்தில், பெட்டோசிரிஸ் என்ற சமயகுருவின் கல்லறைச் சுவரில் உள்ளது. காலம் கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதி. அதில் ஒருவர் வாரைப் பிடித்து இழுக்க, மற்றவர் உளி பிடிக்கிறார். இந்தியாவில் மரபான கைக்கடைசலும் இதே கொள்கையில்தான் இயங்கியது. தரையில் இரு கட்டைகள், அவற்றில் எதிரெதிராக இரண்டு இரும்பு முனைகள், இடையில் மரத்துண்டு. வில்லின் நாணையோ கயிற்றையோ மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி இழுப்பார்கள். இழுத்தால் மரம் ஒரு பக்கம் சுழலும். விட்டு இழுத்தால் மறுபக்கம் சுழலும். உளி வெட்டுவது ஒரு பக்கச் சுழற்சியில் மட்டுமே. மறு சுழற்சியில் கை சற்றே பின்வாங்க வேண்டும்.

இதை இந்தியாவின் பின்தங்கிய நிலை என்று எண்ணிவிடக் கூடாது. ஐரோப்பாவிலும் காலால் மிதித்து, வளையும் கழியின் விசையால் மீள இழுக்கப்படும் கடைசல்தான் பல நூற்றாண்டுகள் வழங்கியது. இங்கிலாந்தில் ஹை விக்கம் வட்டாரத்து நாற்காலிக்கால் தொழிலாளர்கள் இருபதாம் நூற்றாண்டிலும் அதைப் பயன்படுத்தினர். இவ்வகைக் கடைசலில் விசை நேரே மரத்தின் உடலுக்குச் செல்கிறது. ஆகவே இரு முனைகளுமே அசையாதவை. அங்கே தலைப்பக்கம், வால்பக்கம் என்ற வேறுபாடே இல்லை.

இனி சொல்லுக்கு வருவோம். தமிழில் தயிரைக் கடைகிறோம், கீரையைக் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். மலையாளத்தில் 'கடயுக' என்ற வினை மோர் கடைவதையும் மரம் கடைவதையும் குறிக்கும். மரக்கடைசல் வேலை அங்கே 'கடச்சில்'. கன்னடத்தில் 'கடெ' என்றால் கடைதல். உடுப்பிக் கண்ணன் கையிலிருக்கும் மத்து 'கடெகோலு'. கன்னடர்கள் சிற்பத்தைப் பற்றிப் பேசும்போதும் ஜக்கணாச்சாரி 'கடெத' சிற்பம் என்பர். மொழிகள் பிரிந்த பின்னும் இவ்வினை இத்தனை மொழிகளில் இத்தொழில்களோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. (முடிவு, கடையெல்லை என்று பொருள்படும் 'கடை'யோடு இதைச் சேர்த்து, இரு கடையிலும் பிடிப்பதால் கடைசல் என்று விளக்கத் தோன்றும். ஒலி ஒப்புமை மட்டுமே வேர்ச்சான்று ஆகாது.)

தயிரும் மரமும் ஒரே வினைக்குள் ஏன் வந்தன? இரண்டிலும் பொருள் சுழல்கிறது என்பது போதிய விடையாகாது. குயவரின் சக்கரமும் சுழல்கிறது. ஆயினும் பானையை நாம் கடைவதில்லை, வனைகிறோம். செக்கும் சுழல்கிறது. எண்ணெயை நாம் கடைவதில்லை, செக்கு ஆட்டுகிறோம். சக்கரமும் செக்கும் ஒரே திசையில் இடையறாது சுழல்பவை. மத்தோ கயிற்றின் இழுப்புக்கு ஏற்ப இப்படியும் அப்படியும் மாறிமாறிச் சுழல்வது. கயிறில்லாமல் இரு உள்ளங்கைகளுக்கு இடையே உருட்டினாலும் அதே இருதிசை இயக்கம்தான். பழைய கடைசலின் இயக்கமும் இதுவே. ஆக, 'கடை' என்ற வினை சுழற்சியை மட்டுமன்றி, மீளும் சுழற்சியைக் குறித்து எழுந்தது என்பது என் வாசிப்பு.

பிற மொழிகள் இதே தொழிலை வேறு கோணத்தில் பார்த்தன. இந்தியின் 'கராத்' பாரசீக வழியாக அரபியிலிருந்து வந்தது. அதன் அரபு வினைக்குக் கிளையிலிருந்து இலையை உருவுவது என்ற பொருளும் உண்டு. அங்கே பெயர் நீக்கப்படுவதிலிருந்து பிறந்தது. கிரேக்கத்தின் 'தோர்னோஸ்' வட்டம் வரையும் கருவிக்கும் பெயர். அங்கே பெயர் வடிவத்திலிருந்து பிறந்தது. தமிழும் அதன் உறவுமொழிகளும் கயிற்றை இழுப்பவரின் கை அசைவிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டன.

இவ்வினைக்குள் மூன்றாவது பொருள் ஒன்றும் உண்டு: தீக்கடைகோல். சங்க இலக்கியத்தில் இதன் பெயர் ஞெலிகோல். புறநானூற்றில் ஔவையார், அதியமானின் அடங்கிய ஆற்றலுக்கு இறைப்பில் செருகிவைத்த ஞெலிகோலை உவமையாக்குகிறார். பெரும்பாணாற்றுப்படையின் இடையன் ஞெலிகோலால் தீ உண்டாக்கி, அதைக்கொண்டு மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்கிறான். இக்கருவியில் ஒரு கோல் மற்றொரு கட்டையின் குழியில் மாறிமாறிச் சுழல்கிறது. உராய்வில் மரம் கருகி, தூள் கனன்று, தீ பிறக்கிறது.

மத்து, தீக்கடைகோல், கடைசல் என்னும் இம்மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நம் வினாவுக்கு விடை தெரிகிறது. மூன்றிலும் சுழல்வது ஒன்று, அது ஊன்றி நிற்கும் புள்ளி ஒன்று. தீக்கடைகோலில் ஊன்றும் புள்ளியின் உராய்வுதான் வேண்டிய பயன். கடைசலில் அதே உராய்வு கேடு. அசையாத முனையில் சுழலும் மரம் தன் குழியைத் தானே தேய்க்கிறது, சூடேறிப் புகைகிறது, குழி அகன்று ஆட்டம் காண்கிறது. டெட் சென்டரில் மரம் கடைந்தவர் எவரும் அந்தக் கருகல் நாற்றத்தை அறிவார். எண்ணெயோ மெழுகோ இட்டு அதைத் தணிப்பது வழக்கம். இடையிடையே முனையைச் சற்றே இறுக்கிக்கொண்டும் இருக்க வேண்டும்.

பாற்கடல் கடைந்த கதையையும் இந்தக் கண்ணோடு படிக்கலாம். வாசுகி கயிறு, மந்தரமலை மத்து. தேவரும் அசுரரும் மாறிமாறி இழுக்கின்றனர். ஆனால் கடையத் தொடங்கியதும் மலை அமிழ்ந்தது. ஊன்றி நிற்க அடியில் ஒரு தாங்கி இல்லாததே காரணம். திருமால் ஆமையாகி முதுகு கொடுத்த பிறகே கடைதல் கைகூடிற்று. கயிறு வலிமையாக இருந்தும், இழுப்பவர் எண்ணற்றோர் இருந்தும், ஊன்றும் புள்ளி சரியில்லையேல் வேலை நடவாது என்பதை இக்கதையைச் சொன்னவர்கள் தம் அடுக்களையிலேயே கண்டிருப்பார்கள்.

மரபான கைக்கடைசலில் இந்த உராய்வு தாங்கக்கூடியதாகவே இருந்தது. வேகம் குறைவு, சுழற்சி திசைமாறும்போதெல்லாம் ஒரு கணம் நிற்கிறது. அந்த அளவான வேகத்திலேயே நுட்பமான வேலைகள் நடந்தன. நெடுநல்வாடை விவரிக்கும் அரண்மனைக் கட்டிலின் தந்தக் கால்கள் குடம்போல் திரண்டும் உள்ளிப்பூண்டுபோல் ஒடுங்கியும் அமைந்தவை. இன்றும் கட்டில்கால் கடைபவர் கையாளும் வடிவ வரிசை இதுதான். பாடல் தச்சனின் கூரிய உளியைச் சொல்கிறது, சுழற்றும் அமைப்பைச் சொல்லவில்லை. ஆதலால் அதைக் கடைசலுக்கு நேர்ச்சான்றாக நான் வைக்கவில்லை. வடிவங்கள் தொடர்கின்றன என்பதே என் கருத்து. கர்நாடகத்தில் பேலூர் (1117) முதலிய ஹொய்சளக் கோயில்களில் மாக்கல் தூண்கள் வளையம் வளையமாகக் கடைந்த தோற்றத்தில் நிற்கின்றன. கலை வரலாற்றாளர் அவற்றைக் கடைசல் தூண்கள் என்றே அழைக்கின்றனர்.

மாற்றம் வந்தது இடையறாத சுழற்சியால். மிதிகட்டை, பெருஞ்சக்கரம், நீராவி, மின்சாரம் என விசை மாறமாறச் சுழற்சி ஒரே திசையிலாயிற்று, வேகமும் பெருகிற்று. விசை தலைப்பக்கத் தண்டின் வழியே வரத் தொடங்கியது. இரு முனைகளின் சமத்துவம் அப்போதுதான் குலைந்தது. தலைமுனை தண்டோடு சுற்றியது, ஆகவே 'லைவ்'. வால்முனை நின்றது, ஆகவே 'டெட்'. உராய்வின் முழுப் பாரமும் வால்முனை மேல் விழுந்தது.

அந்தப் பாரத்தை இறக்கியது பேரிங். 1794இல் வேல்ஸ் நாட்டு ஃபிலிப் வான் வண்டி அச்சுக்கான குண்டுப் பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் ஒரே அளவில் எஃகுக் குண்டுகளை ஏராளமாகச் செய்ய முடியாத வரை அக்கருத்து பரவ வழியில்லை. 1883இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃப்ரீட்ரிஷ் ஃபிஷர் குண்டுகளைத் துல்லியமாகச் சாணைபிடிக்கும் இயந்திரத்தை அமைத்தார். 1907இல் ஸ்வீடனில் ஸ்வென் விங்க்விஸ்ட் தானே நேராகிக்கொள்ளும் பேரிங்கை வடிவமைத்தார். பேரிங் மலிவானபின் வால்முனைக்குள்ளும் அது நுழைந்தது. முனை மரத்தோடு சேர்ந்து சுழன்றது. உராய்வு மரத்திலிருந்து விலகி எஃகுக் குண்டுகளுக்கு இடையே ஒடுங்கிற்று. வால்முனையும் இயங்கத் தொடங்கவே, 'லைவ்' என்ற அடைமொழி அதன்மேல் போய் ஒட்டிக்கொண்டது. பெரியவர் கற்றது இந்த நகர்வுக்கு முந்தைய வழக்கு, பட்டியல் பேசுவது பிந்தைய வழக்கு.

இந்த நகர்வு முழு வெற்றியென்றும் கொள்ள வேண்டாம். மிகு துல்லியம் வேண்டும் உருளைச் சாணை வேலையில் இன்றும் இரு பக்கமும் டெட் சென்டர்களையே பயன்படுத்துகின்றனர். பேரிங்கின் சிறு ஆட்டம்கூட அங்கே பொருளில் பதிந்துவிடும், அசையாத முனையில் அந்தப் பிழைக்கு இடமில்லை. 'டெட்' என்ற பெயரால் அதைக் காலாவதியான பொருள் என்று கருதினால் நாம் ஏமாந்துபோவோம்.

இந்த நகரத்திற்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு. பெங்களூருக்கு மின்சாரம் வந்தது 1905இல். மைசூர் அரசின் ஹரிஹரில் 1941இல் மைசூர் கிர்லோஸ்கர் தோன்றி லேத்துகளைச் செய்தது. 1953இல் பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவப்பட்டு, ஸ்விட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையோடு லேத் உற்பத்தியைத் தொடங்கியது. ஐ.டி.ஐ. வழி இரும்புக் கடைசல் கற்ற ஒரு தலைமுறையே இங்கே உருவானது. அவர்களின் சொற்கோவை ஹெட்ஸ்டாக், டெயில்ஸ்டாக், சக், சென்டர்.

நகரிலிருந்து மைசூர்ச் சாலையில் சுமார் 60 கிலோமீட்டரில் சென்னபட்டணம். மரப்பொம்மைக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞரை வரவழைத்துக் கற்பித்தார் என்பது அங்கே வழங்கும் மரபுச் செய்தி. அங்கு பயன்படும் மரம் கன்னடத்தில் 'ஆலெ', தமிழில் வெட்பாலை. ஆந்திரத்தின் ஏடிகொப்பாகாவிலும் இதே மரம்தான். நம் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும் அரக்கு ஏற்றிய கடைசல் மரபைச் சேர்ந்தவையே.

இவ்வூர்களின் கைத்திறனில் உராய்வுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. கடைந்து முடித்த மரம் சுழன்றுகொண்டிருக்கும்போதே வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படிகிறது. அரக்கு உருகச் சுமார் 75 டிகிரி செல்சியஸ் போதும். பிறகு தாழை ஓலையை அழுத்திப் பிடித்து மெருகேற்றுகிறார்கள். ஆக, மரத்தின் மேற்பரப்பில் உராய்வுச்சூடு ஒரு கருவி, அதன் முனையில் அதே சூடு ஒரு கேடு. இரண்டும் ஒரே துண்டில், ஒரே கணத்தில், சில அங்குல இடைவெளியில் நிகழ்கின்றன. சிறு பொம்மைகளைத் தலைப்பக்கக் குழியில் அடித்துச் செருகி, மறுமுனை தாங்கலின்றிக் கடைந்துவிடலாம். மத்துக்கோல், பூரிக்கட்டை, தொட்டில்கால் போன்ற நீண்டவற்றுக்கு வால்முனை கட்டாயம். வேண்டிய உராய்வை வேண்டாத உராய்விலிருந்து பிரித்துத் தருவதே ரிவால்விங் சென்டர் செய்த வேலை என்று நான் சுருக்கிக்கொள்கிறேன்.

பெரியவரின் நடைமுறைக் கேள்விக்கும் இவ்வரலாறு விடை தருகிறது. நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிக்கொண்ட குறிப்பு இது.

முதலாவது, அடித்தண்டின் சரிவு. 1860களில் அமெரிக்கரான ஸ்டீஃபன் மோர்ஸ் வகுத்த மோர்ஸ் டேப்பர் இன்றும் அளவுகோல். சிறு மர லேத்துகளில் பெரும்பாலும் 1ஆம் எண் அல்லது 2ஆம் எண். தம் டெயில்ஸ்டாக்கின் எண்ணை அறியாமல் வாங்கினால் சென்டர் பிடிக்காது. இச்சரிவு திருகாணியின்றி உராய்வால் மட்டுமே இறுகி நிற்பது. அங்கே உராய்வு மீண்டும் நண்பனாகிறது. அதனால் தண்டிலும் குழியிலும் தூசி இருக்கக் கூடாது.

இரண்டாவது, முனையின் வடிவம். இரும்புக்கான 60 பாகைக் கூம்பு முனை மரத்தில் ஆப்பாக இறங்கி நார்வழியே பிளந்துவிடக்கூடும். மரத்திற்கு உரியது நடுவில் சிறு கூரும் சுற்றிலும் வளையமும் கொண்ட கிண்ண முனை. கூர் இடத்தைப் பிடிக்கிறது, வளையம் அழுத்தத்தைப் பரப்புகிறது. நடுவே துளையுள்ள பொருளுக்கு மட்டும் பெருங்கூம்பு பொருந்தும். இரும்பில் பழகிய கை முதலில் தடுமாறும் இடம் இதுதான்.

மூன்றாவது, பேரிங். வால்முனை தாங்க வேண்டியது பக்கவாட்டு அழுத்தத்தை மட்டுமல்ல, அச்சுத்திசையில் இறுக்கும் அழுத்தத்தையும். இரண்டையும் தாங்கும் அமைப்பும், மரத்தூள் புகாத மூடியும் வேண்டும். வாங்குமுன் முனையை விரலால் பிடித்து அசைத்துப் பார்த்தால் ஆட்டம் தெரியும்.

நான்காவது, இறுக்கும் அளவு. டெட் சென்டரில் குழி தேயத் தேய இறுக்கிய பழைய கைப்பழக்கம் இங்கே உதவாது. மிகையாக இறுக்கினால் பேரிங் கெடும், ஒல்லியான மரம் வில்லாக வளையும், வேகத்தில் துண்டு தெறித்து முகத்தில் அடிக்கவும் கூடும். தளர விட்டாலும் அதே ஆபத்து. ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் பிழையான பொருள் வீட்டுக்கு வருவதோடு முடிவதில்லை. அது உடலையும் காயப்படுத்தலாம் என்பதை ஆய்வறையில் இருக்கும் நான் இப்போதுதான் உணர்ந்தேன்.

ஆஸ்டின் டவுனுக்கு அலுவல்முறைப் பெயர் ரெவரெண்ட் எஃப். கிட்டல் நகர். கன்னட–ஆங்கில அகராதியை 1894இல் வெளியிட்ட ஃபெர்டினாண்ட் கிட்டலின் நினைவாக வந்த பெயர் அது. ஏறத்தாழ 70,000 சொற்களைத் தொகுத்த அவர் பெயரைத் தாங்கிய இப்பகுதியில், பட்டறைத் தமிழைத் தொகுக்க நாம் இன்னும் பெரிதாக எதுவும் செய்யவில்லை. சொற்கள் போய்க்கொண்டிருக்கின்றன. இன்றைய லேத் கயிறின்றி ஒரே திசையில் சுற்றுகிறது, இயக்கத்தால் அது செக்கின் இனம். ஆயினும் நாம் அதைக் கடைசல் பொறி என்றே அழைக்கிறோம். கருவி மறந்துவிட்ட கை அசைவை வினைச்சொல் வைத்திருக்கிறது.

பெரியவர் 2ஆம் எண் டேப்பரில் கிண்ண முனை வாங்கிவிட்டார். முதலில் கடைந்தது ஒரு மத்து. "மோர் கடையறதுக்கு ஒண்ணைக் கடைஞ்சிருக்கேன்" என்று சொல்லிக் கொடுத்தார். நான் பல பத்திகளில் நிறுவ முயன்றது அவர் வாயில் ஒரே வாக்கியமாக இருந்தது.

கைக்கடைசலில் வேலைசெய்த குடும்பத்தினரோ அவர்களை அறிந்தோரோ இப்பதிவைப் படிக்க நேர்ந்தால் ஒரு வேண்டுகோள். வில், நாண், முனை, ஊன்றுகட்டை, கயிறு இழுப்பவர் ஆகியவற்றுக்கு உங்கள் ஊரில் வழங்கிய பெயர்களை ஊரின் பெயரோடு கீழே பதிவுசெய்யுங்கள். அகராதிகளில் உள்ள பெயர்கள் எனக்குக் கிடைத்துவிடும். அகராதிக்கு வராமலே போனவற்றைத்தான் கேட்கிறேன்.